பாரீஸ் வெயிலில் அத்தையின் குடை

லா கூர்னெவ்,
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தினமும்தான் போன்ல பேசுறோமே, இப்ப எதுக்கு இவ கடுதாசி போடுறான்னு நினைப்பே. இதுல எழுதப்போறதை வாட்ஸ்அப்ல சொல்ல முடியாது. குடும்பக் குரூப்ல ஒரு வரி போட்டா சாயங்காலத்துக்குள்ள வரிச்சிக்குடி டீக்கடை வரைக்கும் போயிடும். 'பிரான்ஸ்காரி வீடு'ன்னு நம்ம வீட்டுக்கு ஒரு பேர் இருக்கு. அதைக் காப்பாத்தணும். படிச்சு முடிச்சதும் அம்மாவுக்கு மட்டும் வாசிச்சுக் காட்டிட்டு, மடிச்சு அரிசிப் பானைக்குள்ள வெச்சுடு.

போன வாரம் ஒரே மூச்சுல புலம்பினே. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லேர்ந்து ஆரம்பிச்சாச்சு, ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது, அத்தானோட ஐஸ் கட்டியை வாங்க நாதியில்லை, பசங்களுக்கு லீவும் விட்டாச்சு, கையில காசில்லாம இதுங்களை எப்படி மேய்க்கிறதுன்னு. அதோட விட்டியா? "உனக்கென்னடி, பாரீஸ்ல வசந்த காலம், சினிமாவுல பாக்குறோமே"ன்னு ஒரு போடு வேற போட்டே. அந்தச் சினிமாவுல எவளாவது பிள்ளைக்கு வாங்கின ரயில் டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்திருக்காளா? உண்மை நிலவரத்தைச் சொல்றேன், கேட்டுக்கோ.

இன்னைக்கு வீடு அமைதியா இருக்கு. மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழமை ஓர்சே மியூசியத்துக்குள்ள போக யாருக்கும் கட்டணம் கிடையாது. இவர் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு போயிருக்கார். ஓவியத்து மேல இவருக்கு என்ன ஆசைன்னு உனக்கே தெரியும், கல்யாண ஆல்பத்தையே இன்னும் முழுசாப் பார்க்காத மனுஷன். ஆனா இலவசம்னு போர்டு போட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குள்ள கூட நுழைஞ்சு பார்த்துட்டு வருவார். அது முன்னாடி ரயில்வே ஸ்டேஷனா இருந்த கட்டடம். அதனால சின்னவன் படத்தை விட்டுட்டு ரயில் எங்கேன்னு தேடிக்கிட்டு இருப்பான்.

இங்கே வசந்தம் முதல்ல கடிகாரத்துலதான் வரும். மார்ச் மாசக் கடைசி ஞாயிறு விடியக்காலை ரெண்டு மணி ஆனதும் மூணுன்னு மாத்திடுவாங்க. உங்களுக்கும் எங்களுக்கும் நாலரை மணி நேரமா இருந்த வித்தியாசம் மூணரையா ஆயிடும். "என்னடி இப்பெல்லாம் சீக்கிரமே கூப்பிடுறே"ன்னு நீ கேட்டதுக்குக் காரணம் பாசம் இல்லை, அரசாங்கம்.

இதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது அத்தைதான், இவரோட அம்மா. அந்தி சாயாம விளக்கேத்தக் கூடாதுன்னு அவங்க சட்டம். இங்கே இப்ப சூரியன் மறையவே ராத்திரி ஒன்பதைத் தாண்டுது. சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பசங்களுக்கு ராத்திரி உடுப்பு மாட்டி, அதுக்கப்புறம் ஜன்னல்ல கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்து, "இன்னும் இல்லை"ன்னு வந்து உட்காருவாங்க. அவங்க விளக்கேத்தும்போது நான் பாதித் தூக்கத்துல இருப்பேன். பசங்களோ படுக்கவே மாட்டேங்குதுங்க. "வெளியில பகல், உள்ள மட்டும் எப்படி ராத்திரி?"ன்னு சின்னவன் கேட்கிறான். ஜன்னலுக்கு வெளியில வோலேன்னு ஒரு கதவுத் தடுப்பு இருக்கும். அதை இறக்கி விட்டு, கும்மிருட்டு பண்ணி, "பாத்தியா, ராத்திரி வந்துடுச்சு"ன்னு தினம் ஒரு பொய் சொல்லித்தான் தூங்க வைக்கிறேன்.

அடுத்து ஏப்ரல் 1. நம்ம ஊர்ல முட்டாள் தினம்னு சட்டையில மை தெளிப்போமே, இங்கே காகிதத்துல மீன் வெட்டி, கலர் அடிச்சு, அடுத்தவன் முதுகுல தெரியாம ஒட்டி விடணும். அப்புறம் "ஏப்ரல் மீன்"னு கத்தணும். பைசா செலவில்லாத பண்டிகை, எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மத்த பசங்க எல்லாம் ஒரு முட்டை வடிவம் போட்டு வால் வெச்சா மீன்னு நினைக்குதுங்க. நம்ம சின்னவன் போன வருஷம் லீவுல அத்தானோட மண்டபத்தூர் கரைக்குப் போனவன் இல்லையா? சிவப்பு அடிச்சு, முதுகுல முள் வரிசை வெச்சு, அசல் சங்கராவையே வரைஞ்சு கொண்டு போனான். அவன் முதுகுல யாரோ ஒட்டி விட்ட மீனோட வீட்டுக்கு வந்து நின்னான். அத்தை அதைப் பிய்ச்சு எடுத்து, கண்ணாடி போட்டுக்கிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கொழம்புக்கு ஆவாது"ன்னு சொல்லிட்டாங்க.

வெயில் வந்துடுச்சேன்னு குளிர் சட்டையைக் கழற்றி பெட்டிக்குள்ள போட முடியாது. ஏப்ரல்ல ஒரு நூலைக்கூட உடம்புலேர்ந்து எடுக்காதே, மே வந்தா உன் இஷ்டம்னு இங்கே ஒரு பழமொழியே இருக்கு. காலையில நாலு டிகிரி, மத்தியானம் பத்தொன்பது, சாயங்காலம் ஆலங்கட்டி மழை. ஒரே நாளைக்கு மூணு உடுப்பு. பெரியவளுக்குப் போன வருஷத்துக் கோட்டு முழங்கைக்கு மேல நிக்குது. புதுசு வாங்கினா ரெண்டு வாரம் போடுவா, அக்டோபர்ல அதுவும் பத்தாது. அதனால அவ கோட்டு சின்னவனுக்கு, சின்னவன் கோட்டு கீழ்வீட்டுப் பையனுக்கு, இவரோட ஸ்வெட்டர் அவளுக்கு. ஸ்வெட்டர் இல்லாம இவர் மட்டும், "எனக்குக் குளிரவே இல்லை"ன்னு பல் கிட்டிக்கிட்டுத் திரியுறார்.

இந்த ஊர் ஏழைக்கு வசந்தம் செய்யற பெரிய உபகாரம் வித்-கிரெனியே. தெருவை அடைச்சு, அவங்கவங்க வீட்டுப் பழைய சாமான்களை விரிப்புல பரப்பி விப்பாங்க. வியாபாரி இல்லாத சாதாரண ஆளு வருஷத்துக்கு ரெண்டு தரம் வரைக்கும் இப்படி உட்காரலாம்னு சட்டம் இருக்கு. குளிர்ல எவனும் உட்கார மாட்டான், அதனால மார்ச், ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஞாயித்துக்கிழமை தோறும் ஏதாவது ஒரு தெருவுல நடக்கும். சின்னவனுக்கு சைக்கிள் பார்க்கப் போனோம். ஒரு பெரியவர் சிவப்பு சைக்கிள் ஒண்ணு வெச்சிருந்தார். அத்தைக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு எல்லாம் அவங்க மாமனார், அதான் நம்ம சொல்தா தாத்தா, இந்தோசீனா சண்டைக்குப் போயிட்டு வந்து திண்ணையில உட்கார்ந்து கத்துக் குடுத்தது. மொத்தம் ஒரு கைப்பிடி வார்த்தை. அதை வெச்சுக்கிட்டு முன்னாடி போய் நின்னு, "மிஸ்ஸே, கொம்பியென்?" அப்படின்னாங்க.

அவர் பதினஞ்சு யூரோன்னார். அத்தை "சேங்க்" அப்படின்னாங்க. அஞ்சு. பெரியவர் சிரிச்சுட்டுப் பன்னிரண்டுக்கு வந்தார். அத்தை சிரிக்கவே இல்லை. குனிஞ்சு டயரை அழுத்தினாங்க, மணியை அடிச்சாங்க, பிரேக்கைப் பிடிச்சு அது பிடிக்கலைன்னு அவருக்கே காட்டினாங்க. "சேங்க், மிஸ்ஸே." பத்துக்கு வந்தார். அத்தை தலைப்பை உதறி இழுத்துச் செருகிக்கிட்டு, என் கையைப் பிடிச்சு, "வாடி, காரைக்கால்லயே வாங்கிக்கலாம்"னு நடந்தாங்க. அந்த நடை எந்த ஊர்ச் சந்தையிலயும் செல்லும் போல. பின்னாடியிலேர்ந்து "மதாம், மதாம்!" ஏழு யூரோவுக்கு சைக்கிள், தலைக்கவசம் இனாம். இவ்வளவு நல்ல பிரெஞ்சு எங்கே கத்துக்கிட்டீங்கன்னு அவர் கேட்டார். "காரிக்கால்" அப்படின்னாங்க அத்தை, கர்வமா. அவருக்கு அப்படி ஒரு ஊர் இருக்கிறதே தெரியலை. அங்கேயே நின்னு அவருக்குக் காரைக்கால் வரலாறு முழுக்கத் தமிழ்ல சொன்னாங்க. அவரும் தலையாட்டிக் கேட்டார்.

இனிமே நீ சினிமாவுல பார்த்த விஷயத்துக்கு வர்றேன். செர்ரிப் பூ. பாரீசுக்குத் தெற்கே ஸோன்னு ஒரு ஊர். அங்கே பெரிய பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. வடக்குத் தோப்புல ரோஸ் கலர், தெற்குத் தோப்புல வெள்ளை. ஏப்ரல்ல பூத்து, சில நாள்ல கொட்டித் தீர்ந்துடும். ஜப்பான்காரங்க குடும்பம் குடும்பமா வந்து மரத்தடியில சாப்பிடுறாங்க. அவங்களைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரங்க, பிரெஞ்சுக்காரங்களைப் பார்த்து நாங்க. எங்க லா கூர்னெவ்லேர்ந்து பி லைன் ரயில்ல ஏறினா நேரா அங்கேயே இறங்கலாம், மாற வேண்டாம்.

இலவசம்னு சொன்னேன் பாரு, இப்பக் கணக்கு. இந்த 2025 ஜனவரியிலேர்ந்து பாரீஸ் பக்கத்துல மெத்ரோ, ரயில் எதுல எவ்வளவு தூரம் போனாலும் ஒரே டிக்கெட், 2.50 யூரோ. நாலு வயசுலேர்ந்து பத்து வயசு ஆகிற வரைக்கும் பாதி. இவருக்கு மாசப் பாஸ், 2025-ல 88.80 யூரோ, அதுல பாதியைக் கம்பெனி குடுத்துடும். எனக்கும் அத்தைக்கும் முழு டிக்கெட், பசங்களுக்கு அரை. போக ஏழரை, வர ஏழரை, ஆகப் பதினஞ்சு யூரோ. யூரோவை ரூபாயா மாத்திப் பார்க்கிற நோய் எனக்கு விட்டுப்போச்சு, அத்தைக்கு இன்னும் விடலை. ரயில்ல உட்கார்ந்து விரல் விட்டு எண்ணி, "ஆயிரத்து நானூறு ரூவா. இந்தக் காசுக்குக் காரு வெச்சு வேளாங்கண்ணி போயிட்டு வந்திருக்கலாம். அங்கே மாதாவையாவது பார்த்திருக்கலாம், பூவைப் பாக்கவாடி இவ்வளவு காசு?"ன்னாங்க. எதிர்ல உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துப் பொம்பளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிச்சாங்க.

இந்தத் தோட்டம் யாரோடது தெரியுமா? பதினாலாம் லூயி ராஜாகிட்ட நிதி மந்திரியா இருந்த கோல்பேர் 1670-ல வாங்கினது. வெர்சாய் தோட்டத்தைப் போட்ட லெ நோத்ர்தான் இதையும் அமைச்சவர். அதே கோல்பேர்தான் 1664-ல பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பிச்சு வெச்சவர். அந்தக் கம்பெனி புதுச்சேரிக்கு வந்து, 1739-ல காரைக்காலையும் வாங்கி, நடுநடுவுல இங்கிலீஷ்காரன் பிடுங்கினாலும் திரும்ப வந்து உட்கார்ந்து, அப்புறம் கம்பெனி போய் அரசாங்கம் வந்து, 1954 நவம்பர் 1 அன்னைக்கு நிர்வாகத்தை இந்தியாகிட்ட ஒப்படைச்சு, 1962 ஆகஸ்ட் 16-ல அதைச் சட்டப்படியும் முடிச்சு, பிரெஞ்சுக் குடியுரிமை வேணுங்கிறவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுங்கன்னு சொல்ல, சொல்தா தாத்தா போய்க் கையெழுத்துப் போட, அவர் பேரனுக்கு நம்ம அப்பா என்னைக் கட்டிக் குடுக்க, நான் அந்தக் கோல்பேர் வீட்டுப் புல்தரையில உட்கார்ந்து புளிசோத்துத் தூக்கைத் திறக்கிறேன். கணக்குல அவர் ரொம்பக் கெட்டின்னு சொல்வாங்க. பார்த்திருந்தா வரி போட்டிருப்பார்.

வெயில் அன்னைக்கு நல்லா அடிச்சுது. நல்லான்னா பத்தொன்பது டிகிரி. அதுக்கே பாதிப்பேர் சட்டையைக் கழற்றிட்டுப் புல்லுல மல்லாந்துட்டாங்க. அத்தை ஸ்வெட்டர், மேல சால்வை, கால்ல ரெண்டு காலுறை, அதுக்கு மேல, காரைக்கால்லேர்ந்து கொண்டு வந்த கறுப்புக் குடை. வெயில்னா குடை பிடிக்கணும், அவ்வளவுதான். பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தா. அத்தை அவளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "பாவம்டி, மயக்கம் போட்டுக் கிடக்குது, யாரும் கவனிக்கலை"ன்னு சொல்லிட்டு, நான் எழுந்திருக்கறதுக்குள்ள மெதுவா நகர்ந்து போய் அவ முகத்துக்கு நேரா குடையைப் பிடிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்து, மேகம் வந்துடுச்சோன்னு பார்த்து, கம்பியும் கறுப்புத் துணியும் தெரிய, அலறாம எழுந்து உட்கார்ந்ததே பெரிய விஷயம். 'மெர்சி' சொல்லிட்டு ரெண்டடி தள்ளிப் படுத்தா. அத்தையும் ரெண்டடி தள்ளினாங்க. மறுபடியும் அவ தள்ள, மறுபடியும் இவங்க தள்ள, கடைசியில அந்தப் பொண்ணு தோத்துப் போய் எங்க விரிப்புல வந்து உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டா. காரம் தாங்காம மூக்கு சிவந்து, தண்ணி கேட்டா. "இப்பத்தான் முகத்துல ரத்தம் வருது"ன்னாங்க அத்தை, திருப்தியா.

பூவைப் பத்தி அத்தையோட தீர்ப்பு வேற. மரம் முழுக்கப் பூ, ஆனா பறிக்கக் கூடாது. கீழே கொட்டினது சாமிக்கு ஆகாது, பவழமல்லிக்கு மட்டும்தான் அந்த விதிவிலக்கு. "காய் எப்ப வரும்?"னு கேட்டாங்க. அந்த ரோஸ் கலர் ஜாதி அழகுக்கு வெச்சது, பழம் பழுக்காதுன்னு இவர் சொன்னார். அத்தை அந்தக் கூட்டத்தை ஒரு சுற்று பார்த்துட்டு, "காய்க்காத மரத்துக்கா இவ்வளவு ஜனம்?" அப்படின்னாங்க.

வாசல்ல ஐஸ்கிரீம் வண்டி. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுன்னு வீட்டுலயே ஒப்பந்தம் போட்டுத்தான் கூட்டிட்டுப் போனேன். சின்னவன் நக்கிக்கிட்டே, "பெரியப்பாகிட்ட இதைவிடப் பெரிய ஐஸ் எல்லாம் இருக்கு, அவர் காசு கேட்க மாட்டார்"னு அவன் அக்காகிட்ட பெருமை பேசுறான். பள்ளிக்கூடத்துலயும் சொல்லி வெச்சிருக்கான். அவன் வகுப்பைப் பொறுத்தவரைக்கும் அத்தான் இந்தியாவுலயே பெரிய பணக்காரர். தடைக்காலம் முடியற வரைக்கும் இதைச் சொல்லி அவரைத் தேத்து.

ஒரே டிக்கெட்ல எவ்வளவு தூரமும் போகலாம்னு வந்ததும் இவருக்குப் பேராசை பிடிச்சுக்கிச்சு. ரெண்டு ஸ்டேஷன்ல இறங்கினா நஷ்டமாம், கடைசி வரைக்கும் போனாத்தான் காசு பெறுமாம். அப்படித்தான் ஃபோந்தேன்புளோ காட்டுக்குப் போனது. பாறையும் பைன் மரமுமா இருக்கிற காட்டுக்கு நடுவுல திடீர்னு வெள்ளை மணல், சர்க்கரையாட்டம் நைசா. பசங்க செருப்பைக் கழற்றி எறிஞ்சுட்டுக் கடலைத் தேடி ஓடிச்சுங்க. கடல் இல்லை. சின்னவன் நம்ம ஊர்க் கரையில தோண்டுற பழக்கத்துல முழங்கை வரைக்கும் கையை விட்டு ஊத்து வருதான்னு தோண்டினான். வரலை. மூணு கோடி வருஷத்துக்கும் முன்னாடி இங்கே கடல் இருந்துச்சு, அது விட்டுட்டுப் போன மணல்தான் இதுன்னு இவர் பலகையைப் படிச்சுச் சொன்னார். அத்தை ஒரு பாறை மேல உட்கார்ந்து மூட்டைப் பிடிச்சு விட்டுக்கிட்டே, "மூணு கோடி வருஷமாவா தடைக்காலம்?" அப்படின்னாங்க.

ஏப்ரல் 14 நம்ம வருஷப் பிறப்பு பள்ளிக்கூட லீவுக்குள்ளயே வந்துடுச்சு. லா சப்பல் தமிழ்க் கடையில மாங்காய் கிடைச்சுது, விலையைச் சொல்ல மாட்டேன், அம்மாவுக்கு ரத்த அழுத்தம். வேப்பம்பூ நீ அனுப்பினது. வறுத்ததும் வீடு முழுக்க நம்ம கொல்லைப்புற வாசனை. இங்கே வெளியில தோட்டம் தோட்டமாப் பூ, ஆனா பச்சடிக்குப் பூ நம்ம திருவேட்டக்குடியிலேர்ந்து பொட்டலத்துல வரணும்.

ஈஸ்டருக்கு இங்கே சாக்லேட் முட்டை கொண்டு வர்றது கோயில் மணிகளாம். பெரிய வியாழன் அன்னைக்கு எல்லா மணியும் ரோமுக்குப் பறந்து போய், ஞாயித்துக்கிழமை திரும்பி வரும்போது தோட்டத்துல முட்டைகளைப் போட்டுட்டு வருமாம். "காரைக்கால் மாதா கோயில் மணியும் போகுமா?"ன்னு பெரியவ கேட்டா. "அது போனா திரும்பி வர விசா வேணுமே"ன்னார் இவர். எனக்குத் தெரிஞ்ச ரகசியம் வேற. ஈஸ்டர் முடிஞ்சு, திங்கள் விடுமுறையும் போய், செவ்வாய்க்கிழமை கடை திறந்தா அதே முட்டை பாதி விலை. எங்க பக்கத்துக்கு வர்ற மணிக்கு ரோம்லேர்ந்து ரெண்டு நாள் கூடுதலா ஆகும்னு பசங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன். சின்னவன் நம்புறான். பெரியவ என்னை ஒரு பார்வை பார்த்துட்டுச் சும்மா இருக்கா. அவளுக்கு ஒரு முட்டை கூடுதல்.

இலவசத்துலயும் கண்ணி இருக்கு. வேன்சேன் காட்டோரம் துரோன் சந்தைன்னு ராட்டினச் சந்தை, ஆயிரம் வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்குன்னு சொல்லிக்கிறாங்க. உள்ளே போகக் காசு வேண்டாம். உள்ளே போனதும் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் வேணும். நம்ம ஊர் மாசி மகத்துல சாமி வேடமூர்த்தியா வில்லோட கடலாடக் கிளம்பினதும், அப்பா நம்மளைச் சாமிக்குப் பின்னாடியே நடத்தி, ராட்டினம் இருக்கிற பக்கம் திரும்பாம கூட்டிட்டுப் போவாரே, நினைவிருக்கா? அந்த வித்தையை நானும் பண்ணினேன். இங்கே பின்னாடி போக சாமிதான் இல்லை. ஆளுக்கு ஒரு சுற்று அழுதுட்டு வந்தேன்.

தும்மலும் இலவசம்தான். பூத்தூள் காத்துல வந்து ஏப்ரல் முழுக்க இவர் தும்மிக்கிட்டே இருந்தார். அத்தை மஞ்சளைச் சுட்டுப் புகை காட்டினாங்க, புகை எச்சரிக்கை மணி அடிச்சு மாடி முழுக்க வெளியில வந்துடுச்சு.

மே 1 அன்னைக்கு இங்கே ஒருத்தருக்கொருத்தர் முகேன்னு ஒரு பூத்தண்டு குடுப்பாங்க. குட்டிக் குட்டியா வெள்ளை மணி தொங்கும், வாசனை ஆளைத் தூக்கும். பதிமூணு மணி இருக்கிற தண்டு கிடைச்சா அதிர்ஷ்டமாம். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் உரிமம் இல்லாத ஆளும் தெருவுல நின்னு விக்கலாம். கீழ்வீட்டுப் போர்ச்சுகீசியப் பாட்டிக்குத் தோட்டத் துண்டு ஒண்ணு இருக்கு. அதுலேர்ந்து ஒரு கத்தை பறிச்சுப் பெரியவகிட்ட குடுத்து, வித்து வர்ற காசு உனக்கேன்னுட்டாங்க. அவளுக்கு வாயே திறக்கலை, கையில வெச்சுக்கிட்டு நடைபாதையில நிக்கிறா. அத்தை போய்ப் பக்கத்துல நின்னு, பாரதியார் வீதி பூக்காரி தோத்தா போ, "முகே! முகே! வாங்க மதாம்!"னு ஒரு குரல் விட்டாங்க. பத்து நிமிஷத்துல கத்தை காலி. பதினெட்டு யூரோ. நாலு தண்டு மட்டும் அத்தை முன்னாடியே ஒளிச்சு வெச்சிருந்தாங்க. வீட்டுக்கு வந்து நூலை நனைச்சு, கால் கட்டை விரல்ல மாட்டி, அந்த மணிகளை ஒவ்வொண்ணா வெச்சுச் சரம் தொடுத்தாங்க பாரு, விரல் அப்படி ஓடுது! ஒரு சாண் வந்துச்சு. தலையில வைக்கப் போனப்ப பாட்டி ஓடி வந்து தடுத்தாங்க. செடி முழுக்க விஷமாம், கையைக் கழுவுன்னாங்க. "விஷம்னா அவருக்கு ஒண்ணும் ஆகாது, தொண்டையிலேயே நிறுத்திக்குவார்"னு சொல்லிட்டு அத்தை அந்தச் சரத்தை நம்ம ஊர்ச் சிவன் திருமேனியழகர் படத்துக்குச் சாத்திட்டாங்க. பதினெட்டு யூரோவுக்குப் பெரியவ என்ன வாங்கப் போறான்னு இன்னும் சொல்லலை. அப்பா கேட்டா கடன்கூடக் குடுக்க மாட்டேங்கிறா.

பால்கனியில நாலு தொட்டி இருக்கு. கத்தரியும் மிளகாயும் உள்ள ஜன்னலோரம் முளைச்சு நிக்குது. வெளியில வைக்கப் பாட்டி விட மாட்டேங்கிறாங்க. மே 11, 12, 13 மூணும் பனிப் புனிதர்களோட நாளாம். அது தாண்டறதுக்குள்ள நட்டா ராத்திரிக் குளிர்ல கருகிடுமாம். பஞ்சாங்கம் பார்க்காம விதைக்காத ஆளு நம்ம அத்தை. ரெண்டு பேரும் மொழியே இல்லாம இந்த ஒரு விஷயத்துல ஒத்துப் போயிட்டாங்க. தினம் சாயங்காலம் ரெண்டு கிழவிகளும் தொட்டிக்கு முன்னாடி உட்கார்ந்து ஆளுக்கொரு பாஷையில பேசிக்கிறாங்க.

நீ கேட்ட யோசனைக்கு வர்றேன். பசங்களை அஞ்சு மணிக்கு மேல கரைக்கு ஓட்டி விடு. ஒரு நாள் சோறு கட்டிக்கிட்டு பஸ்ல தரங்கம்பாடி போ. 1620-ல டேனிஷ்காரன் கட்டின கோட்டை, காத்துக்குக் காசு கிடையாது. நுங்குக்காரன் வந்தா ஆளுக்கு ரெண்டு, அதுக்கு மேல ஒப்பந்தம் போட்டுக்கோ. அத்தானோட விக்காத ஐஸ் கட்டியில ஒண்ணை உடைச்சு, சர்பத் ஊத்தி, தெருப் பசங்க எல்லாத்துக்கும் குடு. எங்க சின்னவன் சொன்னது உண்மையாகட்டும்.

யாராவது இந்தப் பக்கம் வந்தா வேப்பம்பூ, சுண்டவத்தல், அப்புறம் கறுப்புக் குடை ஒண்ணு குடுத்து விடு. பழசு ஃபோந்தேன்புளோ பாறையில மாட்டிக் கம்பி வளைஞ்சு போச்சு. கீழே சத்தம் கேட்குது, இவங்க வந்துட்டாங்க போல. நிறுத்துறேன். அம்மாவுக்கு என் அன்பு, அத்தானுக்கு வணக்கம், பசங்களுக்கு முத்தம்.

உன் தங்கச்சி

பி.கு.: அத்தான் பாரீஸ் சென்ட் கேட்டிருந்தாரே, மறக்கலை. அந்த முகே வாசனையிலயே தியோர் கம்பெனி 1956-லேர்ந்து ஒரு சென்ட் போட்டுக்கிட்டு இருக்கு. இவர் கடைக்குப் போய் விலையைப் பார்த்தார். மாதிரிக்கு வெச்சிருந்த சீசாவுலேர்ந்து ரெண்டு மணிக்கட்டுலயும் அடிச்சுக்கிட்டு, கழுத்துலயும் ஒண்ணு அடிச்சுக்கிட்டு வெளியில வந்துட்டார். ராத்திரி வரைக்கும் மணந்தார். அத்தானுக்கு அதே வாசனையில சோப்பு ரெண்டு கட்டி வாங்கி வெச்சிருக்கேன். சென்ட்டுன்னே சொல்லிக் குடு.